வத்தல்மலைக்கு ஏறட்டும் கணக்கு

2024 ஜூலையில் இங்கிலாந்தின் பாத் நகரில் நடந்த சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் இந்திய அணி நான்கு தங்கப் பதக்கங்களுடன் நான்காம் இடம் பிடித்தது. 1989இல் இந்தப் போட்டிக்குள் நுழைந்ததிலிருந்து இந்தியா அதுவரை எட்டாத இடம் அது. பத்திரிகைகள் கொண்டாடின; கொண்டாட வேண்டியதுதான். அணியில் இருந்தவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரைப் பிரித்தெடுக்கத் தகுதித் தேர்வு, மண்டலத் தேர்வு, தேசியத் தேர்வு, மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் பயிற்சி முகாம் என்று ஒன்றன்கீழ் ஒன்றாகச் சல்லடைகள் வைத்திருக்கிறோம். முதல் சல்லடையில் யார் யாரைக் கொட்டுகிறோம் என்பதை மட்டும் அதிகம் பேசுவதில்லை.

தருமபுரி நகரிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில், இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் வத்தல்மலை வருகிறது. பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு, ஒன்றிக்காடு, கொட்லாங்காடு எனச் சிதறிக் கிடக்கும் ஊர்கள். மலையாளி பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் விளைவிக்கிறார்கள்; காப்பியும் மிளகும் இருக்கின்றன. அரசுப் பேருந்து மலையேறத் தொடங்கியதே அண்மை ஆண்டுகளில்தான். இந்த மலையில் ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமிக்குக் கணக்கு பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாடப் புத்தகத்தைத் தாண்டி அவளுக்கு என்ன தர நம்மிடம் ஏற்பாடு இருக்கிறது?

கல்வித் துறையைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும். கரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட 2021இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது; தொடக்க வகுப்புகளுக்கு 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. இரண்டும் தேவையான திட்டங்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால், அவை விட்டுப்போனதை ஈடுசெய்வதற்காகப் பிறந்தவை. நம் மனதில் எழுதாத ஒரு பாகப்பிரிவினை நடந்திருக்கிறது: குறை தீர்க்கும் பயிற்சி மலைக்கும் கிராமத்துக்கும், செறிவூட்டும் பயிற்சி நகரத்துக்கும் ஆங்கிலவழிப் பள்ளிக்கும். மலைப் பிள்ளை முதலில் கூட்டல் கழித்தலைச் சரியாகப் போடட்டும், புதிரும் ஆராய்ச்சியும் அப்புறம் பார்க்கலாம் என்பதே அதன் உட்பொருள். அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை.

இந்தப் பாகப்பிரிவினையை வாழ்நாள் முழுக்க ஏற்க மறுத்த ஒருவர் சென்னையில் இருந்தார். பி.கே.சீனிவாசன். 1924இல் பிறந்து 2005இல் மறைந்தவர். தேற்றங்களை நிறுவிப் புகழ்பெற்றவர் அல்லர். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணக்கு வாத்தியார். ஃபுல்பிரைட் பரிமாற்ற ஆசிரியராக அமெரிக்கா போனார், நைஜீரியாவிலும் பணியாற்றினார். 1965இல் உருவான இந்தியக் கணித ஆசிரியர் சங்கத்தின் தொடக்க காலத் தூண்களில் ஒருவர். 1993இல் இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் தொடங்கப்பட்டபோது அதன் உயிராக இருந்தார். பள்ளிகளில் கணித மன்றங்கள், மாணவர்களே நின்று விளக்கும் கணிதக் கண்காட்சிகள், ஆசிரியர் பயிலரங்குகள், நாளிதழ்க் கட்டுரைகள், சின்னச் சின்ன நூல்கள் என்று அரை நூற்றாண்டு ஓடினார்.

அவர் கையாண்ட பொருட்களைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். தீக்குச்சி, மடித்த காகிதம், கட்டம் போட்ட தாள், புள்ளிகள். எல்லாவற்றுக்கும் மேலாக, நாள்காட்டி. காலண்டரை வைத்தே ஒரு நூல் எழுதினார். அந்த வழியில் ஒரு வகுப்பை நடத்திப் பார்ப்போம். (தேதி கிழிக்கும் காலண்டர் உதவாது, நகைக்கடையில் தரும் மாதக் காலண்டர் வேண்டும்.) ஏதேனும் ஒரு மாதத்தில் இரண்டுக்கு இரண்டு கட்டத்தைச் சுற்றி ஒரு சதுரம் போடுங்கள். 8, 9, அடுத்த வாரத்தில் அவற்றின் கீழே 15, 16 என்று வைத்துக்கொள்வோம். மூலைக்கு மூலை பெருக்கினால் 8×16 = 128; 9×15 = 135. வேறுபாடு 7. இன்னொரு சதுரம்: 20, 21, 27, 28. பெருக்கினால் 560, 567. மறுபடி 7. வகுப்பில் உள்ள ஐம்பது பிள்ளைகளும் ஆளுக்கொரு சதுரம் போட்டாலும் ஏழுதான்.

இதுவரை நடந்தது வேடிக்கை. இனிமேல்தான் கணிதம். எல்லா மாதத்திலும் ஏழா? மூன்றுக்கு மூன்று சதுரம் எடுத்து அதன் நான்கு மூலைகளில் இதைச் செய்தால்? (28 வரும்.) வாரத்துக்கு ஐந்தே நாள் என்று ஒரு நாடு இருந்தால் என்ன வரும்? ஏன்? “ஏன்” என்ற இடத்துக்குப் பிள்ளை வந்து சேரும்போது, முதல் எண்ணை ஒரு எழுத்தால் குறித்தால் வசதியாக இருக்குமே என்று அதற்கே தோன்றும். ஓர் எண் எதுவானாலும் சரி, அதன் வலப்பக்கத்து எண் ஒன்று கூட, கீழ் எண் ஏழு கூட, குறுக்கே உள்ளது எட்டு கூட. இயற்கணிதம் அங்கே மேலிருந்து இறக்கிவைக்கப்படவில்லை, தேவைப்பட்டு வந்திருக்கிறது. வழக்கமாக அச்சத்தோடு தொடங்கும் பாடத்தைப் பிள்ளை தானே கேட்டு வாங்கிக்கொள்கிறது. கூட்டல் பெருக்கல் பயிற்சியும் இதற்குள்ளேயே நடந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் அடிப்படை, பிறகு செறிவு என்று வரிசைப்படுத்த வேண்டியதே இல்லை. சீனிவாசனின் வாழ்க்கைப் பணியிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான்.

அவர் செய்த இன்னொரு காரியம் கணித உலகமே நன்றி சொல்வது. இராமானுஜனை நேரில் அறிந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மறைந்துகொண்டிருந்த காலத்தில், எஞ்சியிருந்த உறவினர்களையும் நண்பர்களையும் தேடித் தேடிக் கடிதங்களையும் நினைவுகளையும் திரட்டினார். 1968இல் அவை இரண்டு தொகுதிகளாக வந்தன. வெளியிட்டது பல்கலைக்கழகமோ பெரிய பதிப்பகமோ அல்ல. முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் எண் நண்பர்கள் கழகமும் பழைய மாணவர் குழுவும். பின்னாளில் இராமானுஜன் வாழ்க்கையை எழுத வந்தவர்களால் அந்தத் தொகுதிகளைத் தாண்டிப் போக முடியவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துக் கணித மன்றத்தால் எவ்வளவு முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இராமானுஜன் பெயரை எடுத்தாலே நமக்கு நாமகிரித் தாயாரும் தெய்வீகக் கனவும்தான் நினைவுக்கு வருகின்றன. கும்பகோணத்துப் பையன் கையில் 1903 வாக்கில் கார் என்பவர் எழுதிய சூத்திரத் தொகுப்பு நூல் கிடைத்தது என்ற எளிய செய்தி பின்னுக்குப் போய்விடுகிறது. அந்த நூல் மேதைமையின் சிகரம் ஒன்றும் இல்லை. தேர்வுக்குப் படிப்பவர்களுக்கான தொகுப்பு. சரியான வயதில் கைக்கு வந்தது, அவ்வளவுதான். மேதையை அதிசயமாக்கிவிட்டால் நமக்கு ஒரு வசதி உண்டு: அடுத்த பையனுக்குப் புத்தகம் வாங்கித் தர வேண்டியதில்லை.

இதே நாட்டில், சீனிவாசனுக்கு முந்தைய தலைமுறையில், நாசிக் அருகே தேவ்லாலியில் ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். டி.ஆர்.கப்ரேகர். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்து (எல்லா இலக்கங்களும் ஒன்றாக இருக்கக் கூடாது) இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழித்துக்கொண்டே போனால் ஏழு படிகளுக்குள் 6174 வந்து நிற்கும் என்று கண்டவர். அதை அவர் அறிவித்தது 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில். சீனிவாசன் பிறந்த 1924ஐ வைத்தே பாருங்கள்: 9421−1249 = 8172; பிறகு 7443, 3996, 6264, 4176, கடைசியில் 6174. கப்ரேகரும் பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளிடம் எண்களைப் பற்றிப் பேசியவர். அவருடைய கண்டுபிடிப்புகளை அற்பமானவை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. 1975இல் மார்ட்டின் கார்ட்னர் அமெரிக்க இதழில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இன்று இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் தேசியத் திறனறிப் போட்டியில் நடுநிலைப் பிள்ளைகளுக்கான பிரிவுக்குக் கப்ரேகரின் பெயர்தான்.

நடுவே ஒன்று சொல்லிவிடுகிறேன். செறிவூட்டல் என்ற பெயரில் இன்று ஊருக்கு ஊர் விற்கப்படுவது வேறு. மணிச்சட்டத்தை மனதில் ஓட்டி இருபது எண்களை நொடியில் கூட்டுவதும், குறுக்குவழிப் பெருக்கலுக்கு வேதத்தின் பெயரைச் சூட்டுவதும் வேகப் பயிற்சிகள். கைப்பேசி செய்யும் வேலையைப் பிள்ளையைச் செய்ய வைப்பதில் கணிதம் எங்கே இருக்கிறது? நகரத்துப் பெற்றோர் கட்டணம் கட்டி வாங்கும் இந்தச் சரக்கு மலைக்குப் போய்ச் சேரவில்லையே என்று யாரும் வருந்த வேண்டாம்.

கல்லூரி நிலையில் சீனிவாசனின் பணிக்கு இணையான முயற்சி ஒன்று தமிழரான எஸ்.குமரேசனுடையது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்ற இந்தக் கணிதவியலாளர் 1993இல் கணிதப் பயிற்சி மற்றும் திறன் தேடல் என்ற கோடைக்காலத் திட்டத்தைத் தொடங்கினார். தேசிய உயர் கணித வாரியத்தின் ஆதரவோடு, இளநிலையிலும் முதுநிலையிலும் கணிதம் படிப்பவர்களுக்குச் சில வாரங்கள். விரிவுரையைக் குறிப்பெடுத்து மனப்பாடம் செய்து பழகிய பிள்ளைகளை, கேள்வி கேட்டுக் கேட்டு யோசிக்க வைப்பதே அதன் முறை. சிற்றூர்க் கல்லூரிகளிலிருந்து வந்து, இதுவரை படித்தது ஒன்றுமே புரிந்து படித்ததல்ல என்று அங்கே உணர்ந்து, பிறகு ஆராய்ச்சிக்குப் போனவர்கள் பலர். போற்றத் தக்க பணி. ஆனால், இருபது வயதில் கிடைக்கும் அந்த அதிர்ச்சி பன்னிரண்டு வயதில் இனிப்பாகக் கிடைத்திருக்க வேண்டியது.

சீனிவாசனின் பணிக்கும் எல்லை இருந்தது. அது அவரோடு நடந்தது. அவர் எழுதியதில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. அவருடைய அருங்காட்சியகம் இராயபுரத்தில் இருக்கிறது. தனிமனிதரின் ஆர்வத்தில் ஓடும் எந்த இயக்கமும் அவர் கால் ஓயும் தூரம் வரைதான் போகும். வத்தல்மலைக்கு அடுத்த சீனிவாசன் வருவார் என்று காத்திருப்பது திட்டம் ஆகாது.

தூரத்தைத் தாண்டிய வழி ஒன்று ரஷ்யாவில் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டவர் இஸ்ரேல் கெல்ஃபாண்ட், இருபதாம் நூற்றாண்டின் பெரும் கணிதவியலாளர்களில் ஒருவர். 1913இல் உக்ரைனின் சிற்றூர் ஒன்றில் பிறந்து, பள்ளிப் படிப்பையே முடிக்காமல், பத்தொன்பது வயதில் கணித மேதை கோல்மோகோரோவிடம் நேரடியாக ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர். புத்தகம் கிடைக்காத ஊரில் கணக்குப் பைத்தியமாக வளர்வது என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1964இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழிக் கணிதப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். மாஸ்கோ பிள்ளைகளுக்காக அல்ல. பெருநகரங்களுக்கு வெளியே இருந்தவர்களுக்காக. கணக்குகள் தபாலில் போகும். விடைகள் தபாலில் வரும். திருத்துபவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். சரி, தவறு என்று குறிப்பதோடு நிற்காமல், “இந்த வழி நன்றாக இருக்கிறது, இன்னும் சுருக்க முடியுமா பார்” என்ற பாணியில் உரையாடல் எழுதி அனுப்புவார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு, ஒரு கிராமத்துப் பள்ளியின் ஆசிரியரும் அவருடைய பிள்ளைகளும் சேர்ந்து ஒரே ‘மாணவராக’ப் பதிவு செய்துகொள்ளலாம் என்பது. கூட்டாக யோசித்து, கூட்டாக ஒரு விடை அனுப்பலாம். யார் கெட்டி, யார் மட்டி என்ற பிரிவினைக்கு அங்கே இடமே இல்லை.

இதை வத்தல்மலைக்குப் பொருத்திப் பார்ப்பது கடினமா? தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் கணிதம் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது, சென்னைக் கணிதவியல் கழகம் இருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் ‘துளிர்’ இதழ் இருக்கிறது. மாதம் ஒரு தாள், ஐந்து கணக்குகள், தமிழில். மலையில் உள்ள பள்ளி ஒரு கூட்டு மாணவர். கல்லூரி மாணவர்கள் திருத்தி, கருத்து எழுதி, வாரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினாலும் சரி, பேருந்து நடத்துநரிடம் உறையைக் கொடுத்தனுப்பினாலும் சரி. மலைப் பகுதி உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நீண்ட மாலைப் பொழுது இருக்கிறது. நகரத்துப் பிள்ளைக்கு டியூஷனில் கழிந்துவிடும் அந்த இரண்டு மணி நேரம் இங்கே காலியாக இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் மலை நகரத்தைவிடப் பணக்கார இடம்.

கணக்குகளை இறக்குமதி செய்யவும் வேண்டாம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. இந்த நான்கு அளவைகளும் வகைக்கொன்று இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. சாமையை எத்தனை எத்தனை ஆழாக்காக அளந்து கொடுக்க முடியும்? ஒன்றிலிருந்து பதினைந்து வரை எல்லாமே முடியும், ஒவ்வொன்றும் ஒரே ஒரு வழியில்தான். பதிமூன்று ஆழாக்கு என்றால் ஒரு படி, ஓர் உரி, ஓர் ஆழாக்கு. கணினியின் இரும எண் முறை பாட்டி வீட்டுப் பரணில் கிடக்கிறது. பச்சை மிளகு காய்ந்தால் எடை ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகும். வியாபாரி பச்சைக்கு ஒரு விலை, காய்ந்ததற்கு ஒரு விலை சொல்கிறார். எந்த விலை வரை காயவைப்பது லாபம்? மலைப்பாதை இருபது மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர்தான் உயர வேண்டும் என்று பொறியாளர் முடிவு செய்கிறார். அறுநூறு மீட்டர் ஏற எத்தனை கிலோ மீட்டர் சாலை வேண்டும்? பன்னிரண்டு. நேராகப் போட்டால் மலை போதாது; அதனால்தான் வளைவுகள். தினமும் பேருந்தில் அந்த வளைவுகளில் குலுங்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு வயிற்றிலேயே புரியும்.

2022 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘வானவில் மன்றம்’ இந்தத் திசையில் நல்ல அடி. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் கருத்தாளர்கள் கருவிகளோடு போகிறார்கள். பிள்ளைகள் கையால் செய்து பார்க்கிறார்கள். ஆனால், ஒரு சோதனை மணி அடிப்பதற்குள் முடிந்துவிடும்; ஒரு கணக்கு மனதில் பத்து நாள் ஊற வேண்டும். வந்துபோகும் கருத்தாளர் அந்தப் பத்து நாளும் உடனிருக்க முடியாது. திட்டத்தின் வெற்றியைப் பங்கேற்ற பள்ளிகளின் எண்ணிக்கையாலும் அனுப்பிய புகைப்படங்களாலும் அளந்துகொண்டிருக்கும் வரை, ஊறப்போடுவதற்கு யாரும் பொறுமை காட்டப் போவதில்லை. பிள்ளை தானாகக் கேட்ட கேள்விகளை எழுதிவைக்க ஒரு நோட்டு போதும். ஆய்வுக்கு வரும் அதிகாரி வருகைப் பதிவேட்டுக்கு முன்னால் அதைப் புரட்டிப் பார்க்கட்டும்.

மறுப்பு ஒன்று வரும் என்று தெரியும். மலைப் பள்ளியில் ஆசிரியரே நிலைப்பதில்லை, இந்தத் தாள்களைப் போட்டுப் பார்க்கும் கணித மன்றத்தை எங்கே நடத்துவது? நியாயமான கேள்வி. மன்றம் நடத்தும் ஆசிரியருக்கு மாறுதல் கலந்தாய்வில் முன்னுரிமை தரலாம் என்று ஒரு யோசனை சொல்லப்படலாம். தந்தால் என்ன ஆகும்? மலையில் இருந்த நல்ல ஆசிரியரும் முன்னுரிமையைப் பயன்படுத்திக் கீழே இறங்கிவிடுவார். ஊக்கத்தைப் பணமாகவோ உயர்கல்வி விடுப்பாகவோ தருவதே சரி. அதுவும் அவர் அங்கேயே இருப்பதற்காக. அதைவிட உறுதியான ஏற்பாடு, மன்றத்தை ஆசிரியரின் தோளில் மட்டும் ஏற்றாமல் மூத்த பிள்ளைகளிடம் ஒப்படைப்பது. அமெரிக்காவில் 1957இல் ஆர்னால்ட் ராஸ் தொடங்கிய கோடைக் கணிதத் திட்டம் இன்றும் நடப்பதற்கு ஒரு காரணம், முந்தைய ஆண்டுகளில் படித்தவர்களே அடுத்தவர்களுக்கு வழிகாட்டியாகத் திரும்பி வருவதுதான். சீனிவாசனின் கண்காட்சிகளிலும் விளக்கியவர்கள் பிள்ளைகளே. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஆறாம் வகுப்புப் பையனுக்கு ஆழாக்குக் கணக்கைப் போட்டுக் காட்டுவதற்கு அரசாணை தேவையில்லை. அவள் கையில் இருக்க வேண்டிய தாளை அச்சடித்து மாதந்தோறும் மலைக்கு அனுப்பவும், திரும்பி வரும் விடைகளை மதித்துப் படிக்கவும் கீழே ஓர் அலுவலகம், ஒரு பொறுப்பாளர், ஒரு சிறு நிதி ஒதுக்கீடு தேவை. மாவட்ட நிர்வாகம் அதை வத்தல்மலையில் ஒரு பள்ளியிலிருந்து வரும் கல்வியாண்டிலேயே தொடங்கிப் பார்க்கலாம்; சரியாக வந்தால் அடுத்து சித்தேரி மலை இருக்கிறது.